மதியம் ரெண்டு மணிக்கு நான் கத்தரி எடுக்க மாட்டேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேல் யாரும் கண் வைக்கவில்லை. செய்வினையும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், "கடை நல்லா ஓடிச்சில்ல, யார் கண்ணு பட்டுச்சோ" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். கண்ணாவது மண்ணாவது. பல வருஷமாக என் உடம்பைப் போட்டு வதைத்தேன், அது ஒரு நாள் என்னைத் திருப்பி அடித்தது, அவ்வளவுதான். இந்த வதையை உழைப்பு என்று நினைத்துக்கொண்டு இன்னும் எத்தனையோ பெண்கள் மிஷினில் குனிந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. லேடீஸ் டெய்லர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டோடு சேர்ந்த கடை. முன்பக்கம் ஷட்டர், பின்பக்கம் குடித்தனம். கடைக்குத் தனி வாடகை கிடையாது, கொடுத்துவைத்தவள் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அந்த ஏற்பாடுதான் என் உயிரை எடுத்தது. ஷட்டரை மூடினாலும் பின்வாசலில் வந்து நின்று, "அக்கா, லூசா இருக்கு, ஒரே ஒரு பிடிப்பு மட்டும்" என்பார்கள். சோறு பிசைந்த கையைக் கழுவிவிட்டு டேப்பை எடுத்திருக்கிறேன். முகூர்த்த மாதங்களில் தூக்கம் என்பது மிஷின் மேலேயே தலையைச் சாய்த்து எழுவதுதான். உதவிக்கு பானு இருக்கிறாள். ஹெம்மிங், ஊக்கு, காஜா எல்லாம் அவள் பொறுப்பு. வெட்டுவது மட்டும் நான். தப்பாகத் தைத்தால் பிரித்துக்கொள்ளலாம். தப்பாக வெட்டினால் துணி போச்சு, பேரும் போச்சு.

அன்று வெள்ளிக்கிழமை. விஜயா அக்கா தன் மகளின் முகூர்த்தப் புடவையில் வந்த ப்ளவுஸ் துணியைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட டீச்சர், என் கடையின் பழைய வாடிக்கை, நல்ல மனுஷி. காலையில் என் கை ஓடிக்கொண்டிருந்த நேரம். சாக்கட்டியை எடுத்துவிட்டேன்.

"இரு இரு, பத்தரைக்கு ராகு காலம் வருது. பன்னெண்டுக்கு மேல கத்தரி வெய்யி" என்றார்.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் ராகு காலம் பார்க்கும் வழக்கம் இல்லை. ஆனால் கடை ஆரம்பித்த நாளிலிருந்து சுவரில் நாள்காட்டி தொங்குகிறது. கல்யாணத் துணி என்றால் நேரம் பார்த்துத்தான் வெட்டுவேன். அவர்கள் மனசு சங்கடப்படக் கூடாது அல்லவா. அதனால் அந்தப் பட்டுத் துணியை மடித்து வைத்துவிட்டு வேறு துணிகளை எடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல் வேறு ஆட்கள் வந்தார்கள், சண்டை போட்டார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். சாப்பிட்டு முடித்துப் பட்டுத் துணியைக் கையில் எடுத்தபோது இரண்டு மணி இருக்கும். கண் எரிந்தது. முந்தின மூன்று ராத்திரியும் சரியான தூக்கம் இல்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கத்தரியைப் போட்டேன்.

ப்ளவுஸின் கை இரண்டையும் தனித்தனியாக வெட்ட வேண்டிய துணி அது. பார்டரை அப்படித்தான் பொருத்த முடியும். ஒன்றை வெட்டிய பிறகு பேப்பர் கட்டிங்கைத் திருப்பிப் போட்டுத்தான் அடுத்ததை வெட்ட வேண்டும். டெய்லராகச் சேர்ந்த முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிற பாடம். நான் திருப்பவில்லை. இரண்டும் இடது கையாக என் முன்னால் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரி நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கலாம் என்று நினைத்தேன். வலது கை வரவில்லை.

"அக்கா, இன்னாக்கா கையி இப்டி தொங்குது?" என்றாள் பானு.

ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். வாயிலிருந்து வேறு ஏதோ சத்தம் வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஆட்டோவை மறித்தாள். என் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததைப் பிறகுதான் சொன்னாள்.

பக்கத்து கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் மறுபடி ஒரு தரம் பார்த்தாள். அதற்குள் என் விரல்கள் அசைய ஆரம்பித்துவிட்டன. பேச்சும் திரும்பியது. நான் செய்த முதல் காரியம் செருப்பைத் தேடியது.

"சார், கை வந்துடுச்சி. நான் கெளம்புறேன். முகூர்த்தத் துணி வெட்டிப் போட்டபடி கெடக்குது."

"வந்துடுச்சின்றதுதாம்மா எனக்கு பயம்" என்றார் டாக்டர். "மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ஒரு அடைப்பு வந்து, தானா வெலகியிருக்கு. இத மினி ஸ்ட்ரோக்னு சொல்லுவோம். இது எச்சரிக்கை. அடுத்தது வந்தா கை திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது."

என் வீட்டுக்காரர் சேவியர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, "சாப்ட்டியா?" என்று. பயந்துவிட்டால் அந்த மனுஷனுக்கு வேறு கேள்வி வராது.

சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போனோம். படுத்தபடி கையை மூடித் திறந்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டே போனேன். ஆண்டவரே, வேணும்னா ஒரு காலை எடுத்துக்கோ, இந்தக் கையை விட்டுடு என்று பேரம் பேசினேன். காலால் மிதிக்காமல் மோட்டார் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். வலது கை இல்லாமல் எதை வைத்து வெட்டுவது? வெட்டாவிட்டால் நான் யார்? அழுகை வந்தது. கூட வந்த என் மகள் ஜெனி கண்ணைத் துடைத்துவிட வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். அழுகையை விடக் கோபம்தான் அதிகமாக இருந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

போனவுடன் தலைக்கு சி.டி. ஸ்கேன். மூளைக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. கசிவு இருந்தால் ஒரு வைத்தியம், அடைப்பு என்றால் நேர்மாறான வைத்தியம் என்பதால் முதலில் அது. கசிவு இல்லை. பிறகு எம்.ஆர்.ஐ. ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து, தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம் போடுவார்கள், அசையக் கூடாது. கழுத்து ரத்தக் குழாய்க்கு டாப்ளர், நெஞ்சுக்கு எக்கோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு வராண்டா, ஒரு பெஞ்சு, ஒரு காத்திருப்பு. கவர்மென்ட் ஆஸ்பத்திரி என்பதால் பில்லுக்குப் பயப்படவில்லை. ஆனால் தைக்காத நாளின் கூலி யார் தருவார்கள் என்ற கவலை எல்லாப் பெஞ்சிலும் என்னோடு உட்கார்ந்திருந்தது. சேவியர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. ஜெனி என்னோடு இருக்க, அவர் வெளியே வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்தார்.

மூளையில் பெரிய சேதம் இல்லை என்று தெரிந்ததும் டாக்டரம்மா என் கையில் ஒரு பட்டையைக் கட்டினார். சின்னப் பெண், நிதானமாகப் பேசுவார். ஒரு பகல் ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பட்டை கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானே இறுகி, அழுத்தத்தைப் பதிவு செய்யும். மறுநாள் அதைப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ராத்திரி தூங்கும்போது பிரஷர் எறங்கணும். அதுதான் ரத்தக் குழாய்ங்களுக்கு லீவு. ஒங்களுக்கு எறங்கவே இல்ல. வீட்ல எவ்ளோ நேரம் தூங்குவீங்க?"

"சீசன்ல ஏது டாக்டர் தூக்கம்" என்றேன். சொன்ன தோரணையில் கொஞ்சம் பெருமை இருந்தது, இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

"மாத்திரைய நான் குடுத்துடுவேன். தூக்கத்தக் குடுக்க எங்க ஃபார்மசில முடியாது."

"ரெஸ்ட் எடுன்னு சொல்லப் போறீங்க. எடுத்தா கடைய மூடணும். கடைய மூடிட்டு நான் இன்னா பண்றது?"

"மூடச் சொல்லலீங்க. எப்ப தெறக்கணும், எப்ப மூடணும்னு ஒங்க ஒடம்பு ஒன்னு வெச்சிருக்கும். அத ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்கத் தெரியாது. என் கடைக்கு நேரம் வைத்தது நான் இல்லை, வருகிறவர்கள்.

பக்கத்துக் கட்டிலில் கிள்ளையிலிருந்து வந்த அஞ்சலை என்ற பெண் இருந்தாள். சர்க்கரை ஏறி, காலில் புண். வாய் ஓயாது. விடியற்காலையில் தானாக விழித்துப் போர்வையை ஓரம் பிசிறில்லாமல் மடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, காலங்காத்தால துணிய வெச்சி வெளயாடுற? அவ்ளோ கை அரிக்குதுன்னா என் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வெச்சிக் குடேன். ரெண்டு நாளா பின்னு குத்திக்கினு கெடக்குறேன்."

இரண்டு நாள் முன்பே ஜெனி வாசலில் இருந்த கடையில் ஊசியும் நூலும் வாங்கி வைத்திருந்தாள். கேட்காமல் செய்திருந்தாள். இரண்டு நாளாக அந்த ஊசியைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. தொட்டு, முடியவில்லை என்றால்? அஞ்சலை ஜாக்கெட்டை மடியில் போட்டுவிட்டாள். வேறு வழியில்லை. நூலை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசிக் காதைப் பார்த்தேன். ஒரே தடவையில் போனது. ஊக்கை வைத்து முடிச்சுப் போட்டுப் பல்லால் நூலைக் கடிக்கும்போது வாய்விட்டு அழுதுவிட்டேன். ஜெனி எழுந்து என்ன ஏது என்று தெரியாமல் அவளும் அழுதாள்.

"ஒரு ஊக்குக்கா இந்த அழுவ? நாலு வெச்சிருந்தா ஆஸ்பத்திரியே மெதந்திருக்கும்" என்றாள் அஞ்சலை.

வார்டில் சேதி பரவிவிட்டது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எதிர்க் கட்டில் அம்மா ஒரு நைட்டியை நீட்டினார், தோளில் பிரிந்திருந்தது. எடுத்தேன். நூல் ஊசியில் ஏறவே மாட்டேன் என்றது. தையல் கோணிக்கொண்டு போனது. மறுபடி கை போய்விட்டதோ என்று நர்ஸைக் கூப்பிட்டேன். நர்ஸ் வந்து பார்த்து, அழுத்தம் சரியாக இருக்கிறது, தூக்கம் வந்தால் தூங்குங்கள் என்றார். படுத்தேன், அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். மறுநாள் விடிகாலையில் அதே நைட்டியைப் பிரித்துத் தைத்தேன். கம்பி இழுத்த மாதிரி நேராக வந்தது. மதியம் மறுபடி முயன்றேன், மறுபடி கோணல். சாயங்காலம் கை வேகம் வரவில்லை, ஆனால் யாரோடும் பேச, சிரிக்க முடிந்தது.

கையில் கோளாறு இல்லை. நேரத்தில்தான் கோளாறு. இத்தனை வருஷமாக, கை ஓடுகிற காலை நேரத்தை வருகிறவர்களோடு பேசித் தொலைத்துவிட்டு, கண் செருகுகிற மதியத்தில் பட்டுத் துணியை வெட்டியிருக்கிறேன். கோணலாகப் போகாமல் இருந்ததுதான் அதிசயம். அன்று வார்டில் படுத்துக்கொண்டு என் நாளையே மனசுக்குள் பிரித்துப் போட்டேன்.

புதன்கிழமை விஜயா அக்கா கடலூரிலிருந்து பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார். ஆரஞ்சு, பிஸ்கட், ஒரு டவல். உண்மையான அக்கறையோடுதான் வந்தார்.

"மதியமே வந்திருப்பேன். ஒன்றர மணி வரைக்கும் ராகு காலம். ஒடம்பு முடியாதவங்களப் பாக்கப் போறோம், அது முடியட்டும்னு இருந்துட்டு பஸ் ஏறினேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "பானு சொன்னா, ரெண்டும் ஒரே பக்கக் கையாப் போச்சாமே. எப்ப சரி பண்ணித் தருவ? இன்னும் மத்த ப்ளவுசு எல்லாம் இருக்கு. டிஸ்சார்ஜ் ஆனதும் ரெண்டு ராத்திரி ஒக்காந்தா முடிச்சிட மாட்ட?"

எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"அக்கா, ராகுவ நீங்க பாத்திருக்கீங்களா?"

"இன்னா பேச்சு இது?"

"நானும் பாத்ததில்ல. ஆனா அவருக்காக கத்தரிய கீழ வெச்சிட்டு ஒன்றர மணி நேரம் காத்துனு இருந்தேன். நீங்களும் காத்திருந்தீங்க. ஒருத்தரும் ஏன்னு கேக்கல. என் கண்ணு சொருவறது ஒங்களுக்கு நேராவே தெரிஞ்சிருக்கும். அதுக்கு யாராவது காத்திருந்தீங்களா? இனிமே மதியம் ரெண்டுலேந்து நாலு எனக்கு ராகு காலம். எல்லா நாளும். ராத்திரி முழுக்க எமகண்டம். அந்த நேரத்துல துணியத் தொட மாட்டேன்."

"சாமி விஷயத்துல வெளயாடாத ஸ்டெல்லா."

"வெளயாடலக்கா. ஒங்க சாமிக்கு நான் ஒரு நாளும் நேரம் தவறினதில்ல. எனக்குத்தான் தவறிட்டேன்."

விஜயா அக்கா ஆரஞ்சுப் பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு எழுந்தார். "மாத்திரையா பேசுது, நீயா பேசுறியான்னு தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அஞ்சலை ஒரு ஆரஞ்சை உரித்தபடி, "நீதான் பேசுன, நான் சாட்சி" என்றாள். ஜெனி என் தலையை அவிழ்த்து மெதுவாகப் பின்னிவிட்டாள். இனி என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கிற எண்ணம் இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தவுடன் சேவியரிடம் புது நேரத்தைச் சொன்னேன். விடிகாலையில் வெட்டுவது. அந்த நேரத்தில் ஷட்டர் பாதி மூடியிருக்கும், யாரும் உள்ளே வரக் கூடாது. அதன் பிறகு மதியச் சாப்பாடு வரை தையல். சாப்பிட்டுத் தூக்கம். சாயங்காலம் அளவெடுப்பது, டெலிவரி, பேச்சு, சண்டை எல்லாம். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் மிஷினுக்கு உறை.

"மத்த டெய்லர்லாம் ராத்திரி பத்து வரைக்கும் தெறந்து வெச்சினு இருக்கான். நீ பட்டப்பகல்ல மூடுனா, கஸ்டமர அவனுக்குத் தாம்பாளத்துல வெச்சிக் குடுக்கற மாரி" என்றார்.

"ஒங்க கம்பெனில மிஷினுக்கு ஷட்டவுன் குடுக்கறாங்களா இல்லியா?"

"குடுப்பான். குடுக்கலன்னா வெடிச்சிடும்."

"அப்ப நானு?"

அவர் எழுந்து போய்க் குழம்பைச் சூடு பண்ணினார்.

விஜயா அக்கா மற்ற ப்ளவுஸ் துணிகளை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனார். முகூர்த்தத் துணியை மட்டும் எடுக்க முடியாது, அது ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. ஒரு விடிகாலையில், தெரு எழுவதற்கு முன், தப்பாக வெட்டிய கையை எடுத்தேன். ஓரத்துத் துணியில் அக்குளுக்கு ஒட்டுப் போட்டு, வளைவை மாற்றி வெட்டி, வலது கையாக்கினேன். கையைத் தூக்கினால்கூடத் தெரியாது. வாங்கிப் பார்த்த அக்கா பாராட்டவில்லை. குறையும் சொல்லவில்லை. வேறு சிலரும் போய்விட்டார்கள், பொய் சொல்ல மாட்டேன், அது வலித்தது. ஆனால் திரும்ப வருகிற ஆல்டரேஷன் குறைந்துவிட்டது. பிரித்துத் தைக்கிற வேலை குறைந்ததில் என் நேரம் எனக்கு மிஞ்சியது. அழுத்தமும் இறங்கியிருக்கிறது.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமான சண்டை வீட்டுக்குள் நடந்தது. மதியத் தூக்கம் ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். சேவியர் போய், "அவ பேங்குக்குப் போயிருக்கா" என்றார். படுத்திருந்த எனக்குக் கேட்டது. அவர் உள்ளே வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

"நான் எந்த பேங்குல இருக்கேன்?"

"இல்ல ஸ்டெல்லா, பொம்பள பகல்ல தூங்குறான்னு எப்டி சொல்றது? நாலு பேரு இன்னா நெனப்பாங்க?"

"நீங்க நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்து படுக்கறப்ப நான் தெருவயே அடக்கி வெச்சேன். பசங்க பந்து ஆடுனா போயி, 'அவுரு தூங்குறாரு, அப்பால போங்க'ன்னு தொரத்துனேன். ஒரு நாளாவது பேங்குக்குப் போயிருக்காருன்னு சொன்னனா? நீங்க தூங்குனா ஒழச்சிட்டு வந்த தூக்கம். நான் தூங்குனா வெக்கக்கேடா?"

அவர் முகம் விழுந்துவிட்டது. நானும் விடவில்லை. இனி இந்த வீட்டில் என் தூக்கத்துக்கு யாராவது பொய் சொன்னால், அன்றைக்கு நான் சிதம்பரத்துக்கே போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

போன வாரம் ஒரு மதியம் மறுபடி ஷட்டர் சத்தம். ஒரு பெண் குரல், அவசரம். சேவியருக்கு அன்று வார லீவு.

"அக்கா இல்லியா?"

"இருக்காங்க. தூங்குறாங்க."

"இந்நேரத்துலயா? கொஞ்சம் எழுப்புங்கண்ணா, ஒரு அளவு குடுத்துட்டுப் போயிடறேன்."

"எழுப்ப முடியாதும்மா. விடிகாலைலேந்து வேல செஞ்சிட்டுத் தூங்குறாங்க. நாலு மணிக்கு வா."

"அப்ப நான் வேற கடைக்குத்தான் போவணும்."

"சரிம்மா, போய்ட்டு வா."

பிளாஸ்டிக் நாற்காலியை ஷட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டு அவர் உட்காருகிற சத்தம் கேட்டது. உண்மையில் நான் அப்போது தூங்கவில்லை, விழித்துத்தான் படுத்திருந்தேன். அந்த மனுஷன் தெருவறிய முதல் தடவையாகச் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.